பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்து திசையன்விளை: முழங்கால் வலியுள்ள அம்மாவை ரயிலில் அழைத்துச் செல்வதா, பேருந்திலா, விமானத்திலா?

கொளத்தூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குலதெய்வமான சாஸ்தா, திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளையிலிருந்து உள்ளே தள்ளி, தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் குடிகொண்டிருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் இருந்தாலும் குடும்பத்தோடு அங்கே போய்ப் பொங்கலிட்டு வருவது, தெற்கத்திக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்களுக்கும் விடாத வழக்கம். உத்திரத்துக்கு இன்னும் எழுபது நாட்களுக்கு மேல் இருக்கிறது என்றாலும், எதில் போவது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். அம்மாவுக்கு வயது 73. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். குந்தி உட்கார முடியாது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டும். எனக்கு வயது 46. கணவர், 15 வயது மகள், 9 வயது மகன் ஆகியோர் மற்றவர்கள். வீடு கொளத்தூரில் இருக்கிறது. பொங்கல் வைக்கும் வெண்கல உருளி, சாஸ்தாவுக்குச் சாத்தும் பட்டு, மாற்றுத்துணி என்று சுமையும் குறைவில்லாமல் இருக்கும்.

சென்ற ஆண்டு ஆம்னி ஸ்லீப்பர் பேருந்தில் போனோம். அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கைதான் கிடைத்தது. ஆனால் அந்தக் குறுகிய பெட்டிக்குள் முழங்காலை மடக்கி நுழைய முடியாமல், பாதி இரவுக்கு மேல் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். காலையில் இறங்கியபோது பாதங்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. வழியில் கழிப்பறைக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டிவருமே என்று அஞ்சி, முந்தைய நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது, கோயிலில் அத்தை கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. எதிர்ப் படுக்கையில் படுத்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை என்ற வருத்தம் இன்றுவரை ஆறவில்லை.

அம்மாவிடம் கேட்டால், "எதுல கூட்டிட்டுப் போனாலும் சரிதாம்மா" என்பார். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கருத்தே இருக்காது. எனவே அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் போய்த் திரும்புவதற்குள் ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடவும் கூடாது.

சேலையூர் பயணி

அக்கா, நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பகுதிக்கு ரயில் கிடையாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் தடம் நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் போய்விடுகிறது. இன்னொரு தடம் ஸ்ரீவைகுண்டம், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூரோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாத்தான்குளம், திசையன்விளை, உவரி ஆகிய ஊர்க்காரர்களுக்குப் பேருந்துதான் தாயும் தகப்பனும். இரவு ஏறினால் காலையில் ஊர் முக்கிலேயே இறங்கிக்கொள்ளலாம். நடுவில் மூட்டை முடிச்சுகளோடு இன்னொரு வண்டிக்கு மாற வேண்டியதில்லை. எனக்கு இதுவரை பேருந்தே போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுபடியும் பேருந்துதான் என்று முடிவு செய்தால், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தை முன்பதிவு செய்யுங்கள் என்று சொல்வேன். அதன் கட்டணம் உத்திரத்தன்றும் மறுநாளும் ஒன்றுதான். ஆம்னி பேருந்துகள் ஒப்பந்த ஊர்தி அனுமதியில் ஓடுபவை என்பதால், அரசு பேருந்துக்கு நிர்ணயிப்பது போல அவற்றுக்குக் கட்டணம் நிர்ணயிக்கப்படுவதில்லை. பொங்கல், தீபாவளி, உத்திரம் என்றால் சாதாரண நாளின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொடுத்துப் போனவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது கடைசி இரண்டு வரிசைகளை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் விழும் குலுக்கலை மூட்டுவலிக்காரர்கள் தாங்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எனக்குக் கிளாம்பாக்கம் முனையம் பக்கத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் அந்த முனையம் திறக்கப்பட்டுத் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்ட பிறகு, என் பயணம் எளிதானது, உங்களுடையது கடினமாகிவிட்டது. முன்பு கொளத்தூரிலிருந்து கோயம்பேடு கூப்பிடு தூரம். இப்போது ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை, மாலை நெரிசலில், அம்மாவை உட்காரவைத்து அழைத்து வர வேண்டும். பயணத்துக்கு முன்பே ஒரு பயணம் அது.

நாங்குநேரி நினைவு

சகோதரி, உங்கள் அம்மா தண்ணீர் குடிக்காமல் வந்தார் என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கண் பரிசோதனைக்காக அவரை அழைத்துவந்து, திரும்பும்போது ரயில் சீட்டு கிடைக்காததால் ஒரு தனியார் பேருந்தில் ஏறினோம். இரவு பத்தரை மணிக்கு ஒரு மோட்டலில் நிறுத்தினார்கள், அத்தோடு சரி. திருச்சியைத் தாண்டியபோது அப்பா என் தோளைத் தொட்டு எழுப்பினார். நான் முன்னால் போய் ஓட்டுநரிடம் சொன்னேன். அடுத்த சுங்கச்சாவடியில் நிறுத்துவதாகச் சொன்னார். அந்தச் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றதால் நிறுத்தாமலேயே கடந்துவிட்டார். மறுபடி போய்க் கேட்டேன். மாற்று ஓட்டுநர், "பத்து நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லுங்க சார்" என்றார். அந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாயிற்று. கடைசியில் நெடுஞ்சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது அப்பாவால் படியிறங்க முடியவில்லை, வேட்டி நனைந்துவிட்டிருந்தது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; எங்கள் ஊரில் அவருக்கு முன்னால் யாரும் துண்டை இறக்காமல் பேசியதில்லை. மீதி வழி முழுவதும் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் சென்னைக்கு வரவே இல்லை.

ஓட்டுநரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவருக்கும் அறுநூறு கிலோமீட்டரை விடிவதற்குள் கடக்க வேண்டிய நெருக்கடி இருக்கிறது. ஆனால் கழிப்பறை இல்லாத ஒரு வண்டியில் முதியவர்களைப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் அடைத்துவைப்பது, அவர்களாகவே தண்ணீரை நிறுத்திக்கொள்ளும்படி செய்வதுதான். நேரம், கட்டணம் எல்லாவற்றுக்கும் முன்பாக அதைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர்

வணக்கம் அம்மா. ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் பரிந்துரை இரவு ரயில்தான். ஆனால் 'ரயிலில் போங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டால் அது பாதி உதவிதான். எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த ஒதுக்கீட்டில் பதிவு செய்வது என்பதில்தான் தங்கள் அம்மாவின் இரவு அடங்கியிருக்கிறது.

முதலில் வண்டி. எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலை ஐந்து மணிக்கு மேல் புறப்பட்டுவிடும்; வள்ளியூரில் விடிவதற்கு வெகு முன்பே இறங்க வேண்டியிருக்கும். நின்று புறப்படும் நேரமும் மிகக் குறைவு. இருட்டில், உருளியோடும் மூட்டைகளோடும், முழங்கால் வலியுள்ளவரை இறக்குவதற்கு அது ஏற்றதல்ல. நெல்லை எக்ஸ்பிரஸ் இரவு எட்டு மணிக்கு மேல் புறப்பட்டுக் காலை ஏழு மணியையொட்டித் திருநெல்வேலி சந்திப்பில் முடிந்துவிடுகிறது. அங்கேயே முடிகிற வண்டி என்பதால், தூங்கிப்போனாலும் ஊர் தாண்டிவிடாது. கூட்டம் இறங்கிய பிறகு நிதானமாக இறங்கலாம். அங்கிருந்து திசையன்விளைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வள்ளியூரில் இறங்கினால் முக்கால் மணி நேரம்தான். அந்த முக்கால் மணி நேர லாபத்துக்காக அம்மாவின் நல்ல தூக்கத்தை விற்க வேண்டாம்.

அடுத்தது படுக்கை. இதுதான் மிக முக்கியம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டாகப் பொது ஒதுக்கீட்டில் பதிவு செய்தால், அம்மாவின் வயதைப் பார்த்துக் கீழ்ப்படுக்கை தர கணினி முயலும். காலியாக இருந்தால்தான் தரும். உத்திரத்துக்கு முந்தைய நாட்களில் காலியாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் மூத்த குடிமக்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் என்று சில கீழ்ப்படுக்கைகள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. படுக்கை வசதிப் பெட்டியில் ஆறு, ஏழு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு, ஐந்து என்ற அளவில் அவை இருக்கும். அந்த ஒதுக்கீட்டில் ஒரு சீட்டுக்குத் தகுதியுள்ளவர்கள் இருவர் வரைதான் பதிவு செய்ய முடியும். தங்களுக்கு 46 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தாங்களும் அம்மாவும் மட்டும் ஒரு சீட்டாக, பதிவுப் பக்கத்தில் கீழ்ப்படுக்கை, மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள். தங்கள் கணவரும் பிள்ளைகளும் பொது ஒதுக்கீட்டில் இன்னொரு சீட்டில் வரட்டும். அவர்கள் வேறு பெட்டியில் விழக்கூடும். ஓர் இரவுதானே, பரவாயில்லை. இப்படிப் பிரித்துப் பதிவு செய்யத் தெரியாததால், எழுபது வயதுப் பாட்டி நடுப்படுக்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் இளைஞரிடம் கெஞ்சி நிற்பதை என் பணிக்காலத்தில் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான இளைஞர்கள் மனமுவந்து விட்டுக்கொடுப்பார்கள். என்றாலும், கேட்க வேண்டிய நிலையே அந்தப் பாட்டிக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இன்னும் திரும்ப வரவில்லை. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் இருந்த சலுகை அது. அது திரும்ப வர வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறவன் நான். கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதையாவது முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு: 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பயண நாளைச் சேர்க்காமல் அறுபது நாட்களை எண்ணி, அன்று காலை சரியாக எட்டு மணிக்குத் தயாராக இருங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே வாய்ப்பு என்பதால், தங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் சீட்டோடு ஏறிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை வேண்டாம். முன்பதிவுப் பெட்டியில் அதற்கு இப்போது இடமே இல்லை.

குளிர்சாதனம் இல்லாத படுக்கைப் பெட்டியில் கட்டணம் நானூறு ரூபாயைச் சுற்றி இருக்கும். மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். பங்குனி வெயிலுக்கும் கழிப்பறையின் தூய்மைக்கும் பின்னதையே தேர்ந்தெடுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை பெட்டியின் எந்த முனையில் இருக்கிறது என்பதை ஏறியவுடனேயே அம்மாவை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு, ஆடும் வண்டியில், அவர் அதைத் தேடக் கூடாது.

வாகைக்குளம் வழி

பரிசோதகர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் விமானத்தை யாரும் பேசாமல் விட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் மாமியாரை இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு இரண்டு முறை சென்னையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

அந்த நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் போனது ஏ.டி.ஆர். என்னும் சிறிய சுழலி விமானத்தில். பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான். சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்பிட்டால் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஓர் ஊழியர் வாசலிலிருந்து பாதுகாப்புச் சோதனையைக் கடந்து விமானம் வரை தள்ளிக்கொண்டு வருகிறார். கடைசிச் சில படிகளை மட்டும் அவர் கைப்பிடித்து ஏறினார். இறங்கியதும் ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம் வழியாகக் காரில் திசையன்விளை போய்விடலாம்.

வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை கணக்கிட்டால், விமானம் ஒன்றரை மணி நேரப் பயணமல்ல. கொளத்தூரிலிருந்து மீனம்பாக்கம், இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது, இறங்கியபின் கார் என்று எல்லாமாக ஏழு மணி நேரம் ஆகும். ஆனால் அதில் எழுந்து நடமாட முடியாமல் அடைபட்டிருப்பது மிகக் குறைந்த நேரமே. மற்ற நேரமெல்லாம் கழிப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கற்பூரமும் தீப்பெட்டியும் விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை, காய்ந்த கொப்பரையும் அப்படியே. அவற்றைத் திசையன்விளைக் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்குப் 15 கிலோதான் சுமை என்பதால், திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத் அல்வாவும் அளவாகத்தான் வாங்க முடியும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கடைசி முறை நான் ஒரு சீட்டுக்குக் கொடுத்தது 4,200 ரூபாய். அது சாதாரண நாள். திருநாள் காலத்தில் ஐந்து பேருக்கு என்றால் போக மட்டுமே நீங்கள் சொன்ன ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டுவிடக்கூடும். மேலும் 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் பணிநேர, ஓய்வு விதிகள் மாறியதையொட்டி நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, கட்டணங்களுக்கு அரசே உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு அந்த வரம்பு அப்போது 12,000 ரூபாயாக இருந்தது. நாள் தவறினால் பயனில்லை என்ற பயணத்துக்கு ஒரே ஒரு விமானத்தை நம்பியிருப்பதில் அபாயம் உண்டு.

ரயில் மட்டும் தவறாதா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட வண்டி, வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, சுமார் 800 பயணிகள் ஏறத்தாழ இரண்டு நாட்கள் சிக்கிக்கொண்டதை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தங்கள் வீடுகளே வெள்ளத்தில் இருந்தபோதும், பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பங்குனியில் அந்த அச்சம் இல்லை என்பது உண்மைதான்.

கொளத்தூர் மகள்

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. நாங்குநேரி அண்ணா, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் போகும் பயணத்துக்குப் பேருந்து என்ற பேச்சே எழவில்லை.

பரிசோதகர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். வந்தே பாரத்தில் பகலிலேயே போய்விடலாமே என்று மகள் கேட்கிறாள். அது அம்மாவுக்கு ஒத்துவருமா? இரண்டாவது, அறுபதாம் நாள் காலையில் எங்களுக்குச் சீட்டு கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பரிசோதகர்

தங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரிலிருந்தும், நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்ட் இறுதியிலிருந்தும் வந்தே பாரத் ஓடுகிறது. எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வண்டி அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறது. திருநெல்வேலி வண்டி பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் புறப்பட்டு இரவு பத்தரை மணியளவில் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அவ்வளவு தொலைவைக் கடப்பது, நெல்லைத் தடத்தில் பணிபுரிந்த எனக்கே இன்னும் வியப்பாக இருக்கிறது. கழிப்பறைகளும் நன்றாக இருக்கின்றன. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன்.

ஆனால் அது முழுக்க இருக்கை வண்டி. தங்கள் அம்மாவின் பாதங்கள் சென்ற ஆண்டு வீங்கியதற்குக் காரணம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததும், தண்ணீர் குடிக்காததும் என்றே தாங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. தண்ணீர்ச் சிக்கல் வந்தே பாரத்தில் தீர்ந்துவிடும். தொங்கும் கால்களின் சிக்கல் தீராது. நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கக் கொளத்தூரில் மூன்றரை மணிக்கே கிளம்ப வேண்டும். மற்ற வண்டியிலோ நள்ளிரவில் தேரிக்காட்டுப் பாதையில் கார் தேட வேண்டும். இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைத்தால், கால்களை நீட்டி, அடியில் ஒரு தலையணையை வைத்துப் படுக்கலாம். அது கிடைக்காவிட்டால் மட்டும் வந்தே பாரத்தைப் பாருங்கள். அப்போதும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை நடைபாதையில் நடக்க வைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சீட்டு கிடைக்காவிட்டால் உடனே பதற வேண்டாம். உத்திரம் நெருங்கும்போது சிறப்பு ரயில்கள் அறிவிக்கப்படுவது வழக்கம். அவை பெரும்பாலும் தாம்பரத்திலிருந்து புறப்படும், கட்டணமும் சற்று அதிகம். அதற்கும் பிறகு தட்கல் இருக்கிறது. குளிர்சாதன வகுப்புக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்குத் திறக்கும். ஆனால் தட்கலில் கீழ்ப்படுக்கைக்கு உறுதி இல்லை என்பதால், அம்மாவை அதற்கு விட்டுவைக்காதீர்கள். கணவரும் பிள்ளைகளும் வேண்டுமானால் தட்கலில் முயலட்டும்.

இன்னொன்று. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து இயக்கியிருக்கிறார்கள். புறப்படும் நாளன்று எந்த நிலையம் என்பதை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் என்றால், நடைமேடை வரை போகப் பேட்டரி கார் இருக்கிறது. முக்கால் மணி நேரம் முன்னதாகப் போனால் அவசரமில்லாமல் ஏறலாம்.

போய்வந்த பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள் அம்மா. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு அதைக் கேட்பதில்தான் ஆர்வம்.

சேலையூர் பயணி

நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன் அக்கா. எனக்கு முப்பத்தைந்து வயது. என் உடம்பை வைத்து உங்கள் அம்மாவுக்குப் பதில் சொன்னது தவறு. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து திசையன்விளைக்குக் காரை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். உத்திரத்தன்று காலையில் நிலைய வாசலில் வண்டி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சொன்னதுதான் வாடகை.

கொளத்தூர் மகள்

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். உத்திரம் முடிந்து ஒரு வாரமாகிறது. ஐயா கேட்டுக்கொண்டபடி எழுதுகிறேன்.

அறுபதாம் நாள் காலை நானும் கணவரும் ஆளுக்கொரு கைபேசியோடு உட்கார்ந்தோம். நான் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் முயன்றேன். பணம் செலுத்தும் பக்கம் ஒருமுறை நின்றுபோய், இரண்டாம் முறை சென்று, பி3 பெட்டியில் எதிரெதிராக இரண்டு கீழ்ப்படுக்கைகள் கிடைத்தன. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எட்டு மணி நான்கு நிமிடத்தில் கிடைத்தது பி5 பெட்டி. மூன்றுமே நடுவும் மேலுமான படுக்கைகள். ஐந்து பேருக்கும் ஒரே சீட்டாகப் போட்டிருந்தால் அம்மாவுக்கும் அதே கதிதான் என்பதை அப்போதே புரிந்துகொண்டோம்.

எழும்பூரில் பேட்டரி காருக்குச் சற்றுக் காத்திருந்தோம். ஏறியவுடன், ஐயா சொன்னபடி அம்மாவைக் கழிப்பறை வரை கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் கதவைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது போதும்டி" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், செங்கல்பட்டு வருவதற்குள் தாமாகவே தண்ணீர் கேட்டார். இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டார். இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து போய்வந்தார்; முதல்முறை நான் கூடப் போனேன், இரண்டாம் முறை நான் தூங்கிவிட்டேன், அவராகவே போய்வந்திருக்கிறார். காலையில் நெல்லையில் பைகளை எடுத்து வைக்கும்போது, எழும்பூரில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில் காலியாக அவர் தலைமாட்டில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கார் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தபோது ஆற்றைப் பார்த்துக் கைகூப்பினார். செருப்பு காலில் சரியாக இருந்தது.

எல்லாமே சரியாக நடந்துவிடவில்லை. வண்டி ஐம்பது நிமிடம் தாமதம். மகனுக்கு மேல்படுக்கையில் குளிர் தாங்காமல், விடியும்வரை கணவரின் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டிருந்தான். திரும்பும் சீட்டைப் பதிவு செய்யும் நாளைத்தான் நாங்கள் கோட்டைவிட்டோம். மறுநாள் பார்த்தபோது நெல்லை எக்ஸ்பிரஸில் எதுவும் இல்லை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வள்ளியூரிலிருந்து கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் இரண்டே இடங்கள் கிடைத்தன. திரும்பும்போது அது மாலை வேளையில் வள்ளியூருக்கு வருவதால் இருட்டின் தொல்லையும் இல்லை. அதில் அம்மாவும் நானும் வந்தோம். கணவரும் பிள்ளைகளும் திசையன்விளையிலிருந்து அரசு விரைவுப் பேருந்தில் ஏறினார்கள். சேலையூர்த் தம்பி சொன்னபடி கடைசி வரிசைகளை விட்டுவிட்டுப் பதிவு செய்திருந்தோம். கருப்பட்டியும் புளியும் உருளியும் பேருந்தின் அடியிலேயே வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பேருந்து பிடித்திருந்தது. மகள் அடுத்த முறையும் அதில்தான் வருவேன் என்கிறாள்.

நாங்கள் எழும்பூரில் இறங்கி, ஏழு மணிக்கெல்லாம் கொளத்தூர் வந்துவிட்டோம். அவர்கள் கிளாம்பாக்கத்தில் ஆறு மணிக்கே இறங்கியும், வீடு வந்து சேர எட்டரை மணியாகிவிட்டது. அதற்குள் அம்மா குளித்து, விளக்கேற்றி, அவர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.